தமிழ்வாணியின் நாலு புள்ளி, ரெண்டு கோடு

11.02.2018 — ரூ. 3,150
27.05.2018 — ரூ. 4,600
02.09.2018 — ரூ. 1,875
20.01.2019 — ரூ. 5,200
12.05.2019 — ரூ. 6,940

தல்லாகுளத்தில், நீதிமன்றத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது எங்கள் அச்சகம். ஒருமுறை அடித்துக் கொடுத்த அழைப்பிதழை மறுபடியும் எங்கள் செலவில் அடித்துக் கொடுத்த நாட்களும் அதற்கு ஆன தொகையும்தான் மேலே இருப்பவை. ஐந்திலும் தப்பு ஒரே வகை. இருக்க வேண்டிய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

கடைசித் தொகை பெரிதாக இருப்பதற்குக் காரணம், அது காதணி விழா. காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமன் ஒரு மினி லாரியில் வந்தார். கூட வந்தவர்கள் லாரியிலேயே நின்றுகொண்டார்கள். அவர் மட்டும் இறங்கி, காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கெடாய்க்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன். புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காரப் போறவன் நான். எம் பேரு எங்கண்ணே இருக்கு?" என்று அமைதியாகக் கேட்டார்.

"உங்க மச்சான்தான் புரூப் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு," என்றார் எங்கள் முதலாளி வெள்ளைத்துரை.

"அவரு வேணும்னேதான் போட்டிருப்பாரு."

அன்று மாலையே அறுநூறு பத்திரிகை மறுபடி அடித்தோம். பழைய கணினி ஆப்பரேட்டர் மறுநாள் முதல் வரவில்லை. அந்த இடத்துக்குத்தான் 10.06.2019, திங்கட்கிழமை, தமிழ்வாணி வந்து சேர்ந்தாள்.

அப்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று. ஊர் ஒத்தக்கடைக்குக் கிழக்கே, பஸ் போய்த் திரும்பும் ஒரு சிற்றூர். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிவேலை. அப்பா சங்கிலி மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். மகள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அவள் சென்னையில் கிடைத்த வேலையை ஐந்தாம் மாதம் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பினாள். அம்மா ராக்கம்மாள் அதற்கு முன்பும் உழவர் சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்தார், அதற்குப் பிறகும் விற்றார். வாணியின் கல்லூரிக் கட்டணம் முழுக்கக் கீரை கட்டியதுதான்.

நான் அந்த அச்சகத்தில் கணக்கும், அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியும் கிடங்கில் வைத்துக் காப்பவன். வாணியைப் பற்றி எழுத உட்கார்ந்தது அவள் கெட்டிக்காரி என்பதற்காக மட்டும் அல்ல. அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா பெயரில் ஊரை அழைக்க முடியுமா முடியாதா என்று ஒரு கேள்வி வந்தது. அப்போது குறுக்கே வந்து நின்றது அவளே எழுதிய விதி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேரும்போது முதலாளி கேட்டார், "என்னம்மா நல்லாத் தெரியும்?"

"கம்பைலர்."

"அது எந்தக் கம்பெனி மிசினு?"

அது இயந்திரம் இல்லை, ஒரு பாடம். கணினிக்கு நாம் உத்தரவு எழுதும் மொழியை அது புரிந்துகொள்ளும்படி மாற்றித்தரும் நிரல் பற்றியது. அந்தப் பாடத்தில் ஒரு பகுதி வாணிக்கு உயிர். ஒரு கணினி மொழியில் எது செல்லும், எது செல்லாது என்று முதலில் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும் அல்லவா? அதைப் பேச்சு நடையில் எழுதினால் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று, அறுபது வருடங்களுக்கு முன்பே வெளிநாட்டில் ஒரு குழு அதற்கென்று தனி எழுத்துமுறை ஒன்றைக் கொண்டுவந்ததாம். வகுப்பில் மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்தார்கள். இவள் மட்டும் மறக்கவில்லை.

சேர்ந்த இரண்டு மாதத்தில் எங்கள் கடைக்கென்று ஒரு சின்ன மொழியை உருவாக்கினாள். வாடிக்கையாளர் கொண்டுவரும் விவரத்தை அந்த மொழியில் வரிவரியாகத் தட்ட வேண்டும். கணினி அதைப் படித்து, விதிப்படி இருந்தால் பத்திரிகையாக அடுக்கும். இல்லாவிட்டால் எந்த வரியில் என்ன குறை என்று சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். அந்த விதிகளைப் பெரிய தாளில் மார்க்கரால் எழுதிச் சுவரில் ஒட்டினாள். முதல் விதி இது:

⟨பத்திரிகை⟩ ::= ⟨தெய்வம்⟩ ⟨அழைப்பவர்⟩ ⟨மணமக்கள்⟩ ⟨நாள்⟩ ⟨இடம்⟩ ⟨வரவேற்பவர்கள்⟩

அச்சு இயந்திரம் ஓட்டும் சுருளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"இதென்னத்தா நடுவுல நாலு புள்ளி, ரெண்டு கோடு? கோலம் போட உக்காந்தவ பால்காரன் கூப்புட்டான்னு பாதியில எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு."

"இடது பக்கம் இருக்கறது, வலது பக்கம் இருக்கறதால ஆனதுன்னு அர்த்தம்ணே. பத்திரிக்கைன்னா என்னன்னு கேட்டா, இந்த ஆறும் இந்த வரிசையில."

"சரி, தெய்வம்னா?"

"அதுக்குக் கீழ ஒரு விதி இருக்கு பாருங்க. பிள்ளையார் இல்லன்னா கருப்பசாமி இல்லன்னா சிலுவை இல்லன்னா பிறை. நடுவுல நிக்குது பாருங்க ஒத்தக் கோடு, அதுதான் 'இல்லன்னா'."

"அம்புட்டு சாமிக்கும் நடுவுல ஒரு கோடுதானா?" என்று சுருளி தலையை ஆட்டிக்கொண்டார்.

முதலாளிக்கு இடறியது ஏழாவது விதி:

⟨வரவேற்பவர்கள்⟩ ::= ⟨உறவினர்⟩ | ⟨உறவினர்⟩ ⟨வரவேற்பவர்கள்⟩

"ஏம்மா, வரவேற்பவர்கள்னா என்னன்னு சொல்ல வந்துட்டு, சொல்ற எடத்துல மறுபடி வரவேற்பவர்கள்னே எழுதியிருக்க? சட்டைக்குள்ள அதே சட்டையப் போட்டாப்ல?"

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தன பேரு பேரு போட்டீங்க?"

"அது ஆச்சு, முன்னூத்திச் சொச்சம்."

"மொத ஆளு பேரப் போட்டதும் என்ன ஆச்சு?"

"அவரு தம்பி பேரையும் போடச் சொன்னாரு."

"அதான் விதி," என்றாள் வாணி.

எல்லோருக்கும் நாலு புள்ளி ஒத்துவரவில்லை. சுருளிக்காக அதே விதிகளை ரயில் தண்டவாளம் மாதிரி வரைந்து கொடுத்தாள். இடது பக்கம் ஏறினால் வலது பக்கம் இறங்க வேண்டும். 'இல்லன்னா' வரும் இடத்தில் தண்டவாளம் பிரிந்து கூடும். உறவினர் வரும் இடத்தில் ஒரு வளையம், வேண்டிய மட்டும் சுற்றி வரலாம். சுருளி அதன் மேல் விரலை ஓட்டி, வளையத்தில் வந்ததும் நாலைந்து சுற்று சுற்றி, "மானாமதுரை பாசஞ்சர் சொந்தக்காரங்க ஊர்லயே சுத்துதுடா," என்பார். எனக்கு அவள் காட்டியது மூன்றாவது எழுத்துமுறை. திரும்பத் திரும்ப வருவதை நெளிவு அடைப்புக்குள் ஒருமுறை எழுதினால் போதும். ஏழாவது விதி அதில் பாதி நீளம்தான் வந்தது. காகிதம் மிச்சம் என்று எனக்குப் பிடித்தது. மூன்றும் ஒரே விதியைத்தான் சொல்கின்றன என்பதால் எங்களுக்குள் எது சிறந்தது என்ற சண்டை இன்றுவரை முடியவில்லை.

2020-இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்தபோது, பெயர்களும் ஐம்பதோடு நிற்கும்படி விதி போட முடியுமா என்று கேட்டேன்.

"இந்த எழுத்துக்கு எண்ணத் தெரியாது சார்," என்றாள். "ஒண்ணு, அதுக்கு மேல எம்புட்டுன்னாலும். அம்பதோட நிப்பாட்டணும்னா அம்பது தடவ எழுதித்தான் ஆகணும்."

எண்ணத் தெரியாத ஒன்றை இவ்வளவு நாள் மதித்திருக்கிறேனே என்று அன்று சற்று வருத்தப்பட்டேன்.

ஆனால் தப்பைப் பிடிப்பதில் அது கில்லாடி. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். சுவாமி, தாத்தா, பாட்டி, மண்டபத்துக்குப் போகும் பஸ் நம்பர், தொண்ணூறு உறவினர்கள் எல்லாம் இருந்தன. வாணி தட்டி முடித்து ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"வரி ஒன்பது: இங்கே மணமகன் வர வேண்டும். வந்திருப்பவர் தாய்மாமன்."

பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எம் மச்சினனா? அவனுக்கு அம்பத்தஞ்சு வயசும்மா."

விஷயம் இவ்வளவுதான். மூன்று தாளிலும் மாப்பிள்ளை பெயர் இல்லை. அவர் வீட்டுக்குப் போன் போட்டு, "ஏ, அந்தப் பய பேரு என்ன?" என்று கேட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

மறுநாள் சுருளி சோதனை வைத்தார். யாரும் பார்க்காதபோது மணமகன் பெயர் இருந்த இடத்தில் 'ஆட்டுக்கல்' என்று தட்டினார். கணினி ஒன்றும் சொல்லாமல் அழகாக அடுக்கிக் கொடுத்தது.

"உன் மிசினு லட்சணம் பாத்தியா? சிரஞ்சீவி ஆட்டுக்கல்லுக்கு முகூர்த்தம் குறிச்சிருக்கு."

"அமைப்பு சரியா இருக்கான்னுதாண்ணே அது பாக்கும். மாப்ள மனுசனா ஆட்டுக்கல்லான்னு பொண்ணு வீட்டுக்காரங்கதான் விசாரிக்கணும்."

அவள் வந்த பிறகு மறுபடி அடித்ததற்கு என்று நான் ஒரு ரூபாயும் எழுதவில்லை. முதலாளிக்குத் தைரியம் கூடிவிட்டது. ஒவ்வொரு பத்திரிகையின் மூலையிலும் 'அச்சிட்டவர்' என்று தன் போட்டோ வரும்படி ஒரு விதி போடச் சொன்னார். வார்டுச் செயலாளர் ஒருவர் எல்லாக் கல்யாணத்துக்கும் 'தலைமை' என்று ஒரு வரி வேண்டும் என்றார். தொல்லை தாங்காமல் வாணி சுவரில் விதிகளுக்கு மேலே இப்படி எழுதிவைத்தாள்: 'கிடங்கில் மாதிரி இல்லாமல் புது விதி இல்லை.' முதலாளியைக் கையெழுத்தும் போட வைத்தாள். எது மாதிரி என்பதற்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு வரையறை உண்டு. அச்சானால் மட்டும் போதாது, ஒருவர் கையிலாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நின்றுபோன கல்யாணங்களின் பத்திரிகைகளை நான் தனியே கட்டிவைக்கிறேன்.

2023 ஜூலையில் வாணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை முகேஷ், செல்லூரில் விசைத்தறிகளுக்கு மோட்டார் பழுது பார்ப்பவர். முகூர்த்தம் செப்டம்பர் பத்து.

பெண்ணுக்கு அப்பா இல்லை என்றால், அப்பாவின் அண்ணன் பெயரில் அழைப்பது வாணியின் தெரு வழக்கம். சங்கிலியின் அண்ணன் காளை. ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவதில் பெயர் பெற்றவர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளில் அவரை அநேகமாகப் பார்க்கலாம். அந்தத் தெருவுக்குத் தார் ரோடு வந்தது அவர் மனுவால். அதனால் அவர் கால் வைக்காத விசேஷத்துக்குத் தெருவில் வேறு யாரும் கால் வைப்பதில்லை.

ராக்கம்மாள் இதுவரை எதற்கும் எதிர்த்துப் பேசாதவர். இதற்குப் பேசினார்.

"கூப்புடுறவ நான். சோறு போடுறவ நான். பேரு மட்டும் எதுக்கு இன்னொரு ஆளுது?"

வாணி அம்மாவிடம், "உன் பேருலயே அடிக்கிறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். காளை, "அப்படி அடிச்சா நான் வரல," என்று சொல்லிவிட்டார். அவர் வராவிட்டால் தெரு வராது. ராக்கம்மாள் தன் பெயரில் அழைத்து, வெறும் பந்திக்குச் சோறு போட வேண்டியதாகிவிடும்.

வாணி கடைக்கு வந்து தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே தட்டினாள். நாங்கள் பின்னால் நின்றோம். பொத்தானை அமுக்கியதும் சிவப்பு எழுத்து.

"வரி மூன்று: இங்கே 'திரு.' வர வேண்டும். வந்திருப்பது 'திருமதி'."

சுருளி சிரித்துவிட்டார். "போட்ட பாரு ஒரு பூட்டு. உன் வீட்டு வாசல்லயே தொங்குது."

வாணியும் முதலில் சிரித்தாள். பிறகு எழுந்து போய்ச் சுவரில் மூன்றாவது விதியைப் பார்த்தாள்.

⟨அழைப்பவர்⟩ ::= ⟨திரு⟩ | ⟨திரு⟩ ⟨திருமதி⟩ | ⟨செல்வன்⟩

"இது என்ன பெரிய காரியம்?" என்றார் முதலாளி. "கடைசியில ஒத்தக் கோடு, அப்புறம் திருமதி. எழுதிரு. நான் மொதலாளி சொல்றேன்."

"மாதிரி இல்லாம விதி இல்லன்னு உங்களுக்குத்தான சட்டம் போட்டேன். எனக்கு ஒண்ணுன்னா மாத்துனா, நாளைக்கு நீங்க போட்டோவோட வந்து நிப்பீங்க."

"அப்ப மாதிரியத் தேடுவோம்."

இந்தப் பேச்சு நடந்த அன்றே, 24.07.2023, காளையிடமிருந்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் வந்தது. 'பொருள்: தமிழ்வாணி திருமண அழைப்பிதழ் – அழைப்பவர் பெயர் – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக. பார்வை: 16.07.2023 அன்று எங்கள் வீட்டில் நடந்த வாய்மொழிப் பேச்சு.' அமைப்பில் ஒரு குறை சொல்ல முடியாத கடிதம். முதலாளி அதைத் தொடவே இல்லை. "கோர்ட்டுப் பக்கத்துல கடைய வச்சுக்கிட்டு எனக்கு ஏன் இந்தச் சோலி?" என்றார். ஆனால் ஏணியை எடுத்துக் கிடங்கில் சாத்தியதும் அவர்தான்.

ஆடி மாதம். கல்யாண வேலை கிடையாது. கோயில் நோட்டீஸ்களை அடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்தோம். முதலாளி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணி மேல் நின்று படித்துப் படித்துப் போட்டார். அம்மா மட்டும் தன் பெயரில் அழைக்கும் பத்திரிகை ஒன்றுகூட இல்லை. அப்பா இல்லாத வீடுகளில் சித்தப்பா அழைத்திருந்தார், மாமா அழைத்திருந்தார். ஒரு வீட்டில் பெண்ணின் ஒன்பது வயதுத் தம்பி 'செல்வன்' என்ற பட்டத்தோடு ஊரையே அழைத்திருந்தான். விதியில் செல்வன் வந்தது அவன் ஒருவனால்தான். தெய்வத்திருக்கள் வேறு, வரிசையாக மேலே நின்று ஆசி வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

"செத்தவரு ஆசீர்வாதம் பண்ணலாம். ஒம்பது வயசுப் பய கூப்புடலாம். உசுரோட இருக்க எங்கம்மா கூப்புடக் கூடாது. நல்ல விதி எழுதியிருக்கேன் சார்," என்றாள் வாணி.

"நீ எங்கத்தா எழுதுன?" என்றார் சுருளி. "ஊரு எழுதி வச்சிருந்ததப் பாத்து நீ நாலு புள்ளி வச்ச."

ஆகஸ்ட் நாலாம் தேதி காளையின் இரண்டாவது கடிதம் வந்தது. பொருள் அதே. பார்வையில் முதல் கடிதம் கூடியிருந்தது. ராக்கம்மாள் பெயரில் பத்திரிகை வெளிவந்தால் தானும் தன் தெருவாரும் கலந்துகொள்ள இயலாது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் சுருளி ஒரு வேலை செய்தார். வாணியின் நிரலைத் தொடாமல், சாதாரணமாக எழுத்துக் கோக்கும் மென்பொருளில் தானே உட்கார்ந்து தட்டி, ராக்கம்மாள் பெயரில் ஒரே ஒரு பத்திரிகை அடித்து என் மேஜையில் வைத்தார்.

"மாதிரிதான வேணும்? இந்தா மாதிரி."

"இது போங்காட்டம்ணே," என்றாள் வாணி.

"கணக்கய்யா சொல்லட்டும். அச்சாயிருக்கா இல்லையா?"

அச்சாகியிருந்தது. ஆனால் யார் கையிலும் போய்ச் சேரவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"அப்ப சேத்துருவோம்," என்றாள் வாணி. அன்று சாயங்காலம் உழவர் சந்தைக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள், முதலில் யாருக்குக் கொடுப்பது என்று. ராக்கம்மாள் யோசிக்கவே இல்லையாம்.

ஆகஸ்ட் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. சேர்வதைப் பார்க்க வேண்டியவன் என்பதால் நானும் மாட்டுத்தாவணியில் பஸ் மாறிப் போனேன். சுருளியும் வந்தார். காளை வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ மனுவுக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தார். ராக்கம்மாள் தட்டோடு போய் நின்றார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை.

"சாமிக்குக்கூட இன்னும் வைக்கல. மொதப் பத்திரிக்க உங்களுக்குத்தான்."

"யாரு பேருல அடிச்சிருக்கு?"

"எம் பேருலதான்."

"அப்புறம் நான் எதுக்கு?"

"நீங்களே கூப்புட்டா, உங்கள யாரு கூப்புடுறது?" என்றார் ராக்கம்மாள்.

காளை பேனாவை மூடினார். பிறகு, "வீட்ல ஆம்பள இல்லன்னு ஊரு பேசும், ராக்கு," என்றார்.

"இல்லைங்கிறது நெசந்தான. இருந்திருந்தா நான் விடியுமுன்ன கீரைக்கட்டோட பஸ் ஏறியிருக்க மாட்டேன்ல."

அவர் தட்டை வாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலே இருந்த பத்திரிகையை மட்டும் இரண்டு விரலால் எடுத்தார். எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாதவர். மேலிருந்து கீழ் வரை படித்தார். மறுபடி மேலே போனார்.

"ஏப்பா, இந்தப் போன் நம்பர்ல ஒம்பது எண்ணுதான் இருக்கு."

சுருளி எட்டிப் பார்த்தார்.

"அது போகட்டும். கல்யாணம் எங்க நடக்குது? மண்டபத்தையே காணோம்?"

சுருளி வானத்தைப் பார்த்தார்.

"ஒரு புள்ளி விட்டாலும் மிசினு பிடிச்சுரும்னு தெருவெல்லாம் பெருமையடிச்சியே வாணி. இத அது பாக்கலயா?"

"பாக்கல பெரியப்பா. அம்மா பேரு மொதல்ல இருக்குன்னு மிசினு வாங்கவே மாட்டேன்னுருச்சு. சுருளி அண்ணன் தனியா வச்சு அடிச்சாரு."

"ஏன் வாங்கல?"

வாணி தரையில் ஒரு குச்சியால் மூன்றாவது விதியை எழுதிக் காட்டினாள். நாலு புள்ளி, ரெண்டு கோடு, திரு, ஒத்தக் கோடு, திரு திருமதி, ஒத்தக் கோடு, செல்வன். காளை அரசாணையைக் கேட்பது மாதிரி குனிந்து கேட்டார். செல்வன் எப்படி வந்தான் என்று விசாரித்தார். ஒன்பது வயது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொடிப் பயலுக்கு எடம் இருக்கு, இவளுக்கு இல்லையா? விதியத் திருத்தச் சொல்லி எழுதிக் குடுக்க வேண்டியதுதான?"

"மாதிரி ஒண்ணு வேணும் பெரியப்பா. அது யாருக்காச்சும் போய்ச் சேந்திருக்கணும்."

அவர் கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது இப்ப சேந்ததா சேரலயா?"

"நீங்க வாங்கிக்கிட்டேன்னு சொன்னாச் சேந்தது," என்றேன்.

"வாயால சொல்றது எதுக்கும் ஆகாது. எதுவா இருந்தாலும் எழுத்துல வரும்," என்று சொல்லிவிட்டுக் காளை உள்ளே போய்விட்டார். பத்திரிகை அவரோடு போனது. தட்டு ராக்கம்மாள் கையிலேயே இருந்தது. அவர் அதை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் சுருளி, "பத்திரிக்கைய எடுத்துக்கிட்டாருல்ல," என்றார். "தட்ட எடுக்கலண்ணே," என்றாள் வாணி. இரண்டுக்கும் நடுவில் எதை நம்புவது என்று தெரியவில்லை. பதினெட்டாம் தேதிக்குள் அச்சு ஏறாவிட்டால் பத்திரிகை வைக்க நாள் போதாது. வாணி அடுத்த மூன்று நாளும் நோட்டீஸ் தட்டினாள். முதலாளி ஐந்நூறு அட்டை வெட்டி அடுக்கிவைத்தார்.

அப்புறம்தான் காளையின் பதிவுத் தபால் வந்தது. நான் பிரித்துச் சத்தமாகப் படித்தேன்.

'பொருள்: திருமண அழைப்பிதழ் – பிழைகளுடன் பெற்றுக்கொண்டது – முறைப்படி திருத்தி அச்சிட்டு அறுபது பிரதிகள் அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மேற்படி அழைப்பிதழை 13.08.2023 அன்று திருமதி ச. ராக்கம்மாள் அவர்களிடமிருந்து நேரில் பெற்றுக்கொண்டேன். அதில் மண்டபம் இல்லை. தொலைபேசி எண் முழுமையாக இல்லை. இயந்திரத்தில் சரிபார்க்காமல் அடித்ததே இதற்குக் காரணம் எனத் தெரிகிறது. இயந்திரம் ஏற்றுக்கொள்ளும்படி விதியைத் திருத்தி, பிழையின்றி அடித்து அனுப்பவும். எங்கள் தெருவுக்கு உண்டான அறுபதையும் நானே வீடுவீடாகக் கொடுத்துக்கொள்கிறேன்.'

அழைப்பவர் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் மறுபடி ஒருமுறை தேடியும் இல்லை.

வாணி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மூன்றாவது விதியின் கடைசியில் ஒரு கோடு போட்டு, ⟨திருமதி⟩ என்று எழுதினாள். இறங்கி வந்து நிரலிலும் அதையே சேர்த்துப் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு எழுத்து வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, மிசினு வாங்கிருச்சு. பெரியப்பாவும் வாங்கிட்டாரு."

"சரி, இப்பச் சொல்லு," என்றார் ராக்கம்மாள். சந்தை இரைச்சல் எங்களுக்கே கேட்டது. "எத்தன பேருக்கு உலை வைக்கணும்?"

செப்டம்பர் பத்தாம் தேதி அந்தத் தெருவிலிருந்து ஒரு வேன் போதாமல் இரண்டு வேன் வந்தன. முன் வேனிலிருந்து காளை இறங்கினார். வாசலில் ராக்கம்மாள் கும்பிட்டு, "வாங்க," என்றார். அவரும், "வாரேன், வாரேன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். வாணி இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறாள். அந்தப் புதுக் கோட்டுக்குப் பிறகு திருமதி மட்டும் அழைக்கும் பத்திரிகைகள் பதினொன்று அடித்திருக்கிறோம். கிடங்கில் அந்த வகைக்கு முதல் மாதிரியாக, மண்டபம் இல்லாத அந்தப் பத்திரிகை இருக்கிறது. கல்யாணத்தன்று காளையே அதைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பின் அவர் எங்களுக்கு எதுவும் எழுதவில்லை. அவருடைய மூன்றாவதும் கடைசியுமான கடிதம் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது 17.08.2023, வியாழக்கிழமை.